மூன்று நோடும் ஒரே மடிக்கணினியில்: ஒரு குளஸ்டர்எஃப்எஸ் சோதனை

கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கும் ஸ்டுடியோ. எல்லா எடிட்டர்களுக்கும் பொதுவாக ஒரே சர்வர், ஃபுட்டேஜ் மொத்தமும் அதில்தான். அந்த டிஸ்க் போய்விட்டால் கல்யாணத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. உரிமையாளர், தன்னிடம் சும்மா கிடந்த இரண்டு பழைய மெஷின்களையும் சேர்த்து, எது விழுந்தாலும் வேலை நிற்காத பொதுச் சேமிப்பு ஒன்று வேண்டும் என்றார். நாங்கள் தேர்ந்தது குளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS): பல மெஷின்களின், அதாவது நோடுகளின், டிஸ்குகளை ஒரே சேமிப்பாகக் காட்டும் மென்பொருள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கை வைக்கும் முன் முழு அமைப்பையும் ஒரு மடிக்கணினிக்குள் கட்டி, வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தோம். அதன் பதிவு இது.

ஒரே மெஷினில் செய்யும் சோதனையைப் பலர் இப்படித்தான் முடிக்கிறார்கள்: மூன்று கோப்புறை, அவற்றைச் சேர்த்து ஒரே சேமிப்பாகக் காட்டும் ஒரு வால்யூம், ஒரு பிராசஸை (ஓடும் நிரலை) 'கில்' செய்வது, கோப்பு இன்னும் திறக்கிறதா என்று பார்ப்பது. திறக்கும். ஆனால் பிராசஸைக் கொல்வது இருப்பதிலேயே சுலபமான கோளாறு. சர்வர் அறையில் நடப்பது வேறு.

ஏன் குளஸ்டர்எஃப்எஸ்

இதே வேலையைச் செய்யும் செஃப் (Ceph) பற்றியும் யோசித்தோம். புளூஸ்டோர் என்ற உள் சேமிப்பு முறை வந்தபின் செஃப் டிஸ்கை நேரடியாகத் தானே ஆள்கிறது. கீழே சாதாரண ஃபைல்சிஸ்டம் கிடையாது. ஒரு கோப்பு எங்கே, எப்படிக் கிடக்கிறது என்று கோப்புறையைத் திறந்து பார்க்க வழியில்லை. ஹடூப்பின் ஹெச்டிஎஃப்எஸ்ஸை ஒரே மெஷினில் ஓட்டுவது சுலபம், அதற்கென்றே 'சூடோ டிஸ்ட்ரிபியூட்டட்' முறை இருக்கிறது. ஆனால் எழுதிய கோப்பின் நடுவில் போய் மாற்ற அது விடாது. எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு அது ஆகாது.

குளஸ்டர்எஃப்எஸ்ஸில் கோப்பு கோப்பாகவே இருக்கும். எந்தக் கோப்பு எங்கே என்று பட்டியல் வைத்திருக்கும் தனி மெட்டாடேட்டா சர்வரும் கிடையாது. பெயரை ஹாஷ் செய்து (ஒரு சூத்திரத்தால் எண்ணாக மாற்றி), அந்த எண்ணை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. 2005-இல் தொடங்கிய நிறுவனத்தை 2011 அக்டோபரில் ரெட் ஹேட் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. பெரியசாமி பிறகு மினியோ என்ற இன்னொரு சேமிப்பு மென்பொருள் பக்கம் போய்விட்டார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ரெட் ஹேட் இதன் வணிகப் பதிப்புக்குத் தந்துவந்த ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. திறமூலத் திட்டமாக மட்டும் இருக்கிறது. புதிதாகப் பெரிய அளவில் கட்டுபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று மெஷின் ஸ்டுடியோவுக்குச் சொன்னதற்குக் காரணம், சாதாரண ரெப்ளிகா வால்யூமில் ஒவ்வொரு நகலும் முழுக் கோப்பு. நாளைக்கு குளஸ்டரையே கழற்றி எறிந்தாலும் டிஸ்கைக் கழற்றி வேறு லினக்ஸ் மெஷினில் மாட்டினால் வீடியோ ஓடும்.

டிஸ்க் தயாரிப்பு

மடிக்கணினியில் இருப்பது ஒரே எஸ்எஸ்டி. ஒவ்வொரு நோடுக்கும் ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, அதை லூப் டிவைஸாக (கோப்பையே டிஸ்க் போலக் காட்டும் லினக்ஸ் வசதி) மாட்டி, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் ஃபார்மட் செய்தால் மூன்று தனி டிஸ்க் கிடைத்துவிடும். வெறும் கோப்புறைகளை வைத்தும் ஓட்டலாம். ஆனால் மூன்றும் ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருந்தால் ஒன்றை மட்டும் நிரப்பவோ, ஒன்றை மட்டும் பிடுங்கவோ முடியாது. பாதி சோதனை அங்கேயே போய்விடும்.

இந்த இடத்தில் சில சின்ன விஷயங்கள். 'ட்ரங்கேட்' கொண்டு உருவாக்கும் கோப்பு பெயரளவில்தான் பெரியது. எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும். மடிக்கணினியின் உண்மையான டிஸ்க் நிரம்பிவிட்டால் உள்ளே இருக்கும் எக்ஸ்எஃப்எஸ் இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, எழுதும்போது பிழை கொடுக்கும், முடங்கியும் போகலாம். 'எஃப்அலொகேட்' பயன்படுத்தினால் இடம் முதலிலேயே ஒதுக்கப்பட்டுவிடும். புதிய எக்ஸ்எஃப்எஸ் கருவிகள் 300 எம்பிக்குக் கீழே ஃபார்மட் செய்ய மறுக்கும், எனவே 100 எம்பி டிஸ்க் வைத்துச் செய்த பழைய பயிற்சிக் குறிப்புகள் அப்படியே ஓடாது.

டிஸ்கை மவுண்ட் செய்த (ஒரு கோப்புறையில் இணைத்த) இடத்தையே பிரிக்காக, அதாவது வால்யூமுக்கு ஒரு நோடு தரும் சேமிப்பிடமாக, கொடுத்தால் குளஸ்டர் ஒப்புக்கொள்ளாது. அதற்குள் ஒரு துணைக் கோப்புறை போட்டு அதைக் கொடு என்கிறது. காரணம் நியாயமானது. மறுநாள் பூட் ஆகும்போது டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டால், வெறும் மவுண்ட் புள்ளி ரூட் டிஸ்கில் காலியாக நிற்கும். துணைக் கோப்புறை அங்கே இருக்காது என்பதால் பிரிக் கிளம்பாது. இல்லையென்றால் ஃபுட்டேஜ் மொத்தமும் ரூட் டிஸ்கில் போய் விழும்.

மூன்று நோடு எப்படி

ஒரே குளஸ்டர்டி டீமன் (பின்னணியில் ஓடி நோடை நிர்வகிக்கும் நிரல்), அதன் கீழ் மூன்று பிரிக். இது முதல் வழி. ஒரே சர்வரில் எல்லா நகலும் இருக்கிறது, இது உகந்த அமைப்பு அல்ல என்று எச்சரித்து, 'ஃபோர்ஸ்' என்று சேர்த்துச் சொன்னால்தான் உருவாக்கும். நகல் எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்க இது போதும். ஒரு நோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வதை இதில் பார்க்க முடியாது. ஒரு நோடின் நெட்வொர்க்கை மட்டும் கெடுக்கவும் முடியாது.

குளஸ்டரை எழுதியவர்களே தங்கள் சோதனைத் தொகுப்பில் ஒரே மெஷினில்தான் பல நோடுகளை ஓட்டுகிறார்கள். லினக்ஸில் 127-இல் தொடங்கும் முகவரி அத்தனையும் லூப்பேக்தான் (அதே மெஷினுக்கே திரும்புவது) என்பதைப் பயன்படுத்தி, 127.1.1.1, 127.1.1.2, 127.1.1.3 என்று ஒவ்வொரு குளஸ்டர்டிக்கும் ஒரு முகவரி, ஒரு தனி வேலைக் கோப்புறை. அழகான வழி. எங்களுக்கு ஒவ்வொரு நோடுக்கும் தனி நெட்வொர்க் கார்டு போல ஒன்று தேவைப்பட்டதால் கன்டெய்னருக்குப் போனோம்: மெஷினின் கெர்னலைப் பகிர்ந்துகொண்டே தனி மெஷின் போல ஓடும் பெட்டி.

கன்டெய்னரில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். குளஸ்டர் தன் கணக்குகளை எல்லாம் கோப்புகளின் எக்ஸ்டெண்டட் அட்ரிபியூட்டில் (கோப்போடு ஒட்டியிருக்கும் கூடுதல் குறிப்பில்), 'டிரஸ்டட்' என்று தொடங்கும் பெயர்களில் எழுதுகிறது. அந்தப் பெயரில் எழுத மெஷினின் உண்மையான ரூட் அதிகாரம் வேண்டும். சாதாரண, அதிகாரம் குறைத்த கன்டெய்னருக்குள் ரூட்டாக இருந்தால் போதாது. எனவே 'பிரிவிலேஜ்ட்' கன்டெய்னர். அடுத்தது, குளஸ்டர்டி முதல் முறை ஓடும்போது தனக்கென ஒரு யூயூஐடி (தனி அடையாள எண்) உருவாக்கி ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். ஒரு முறை ஓடிய கன்டெய்னரை நகலெடுத்து மூன்றாக்கினால் மூவருக்கும் ஒரே அடையாளம் வரும். நோடைச் சேர்க்கப் போனால் இது நானேதான் என்று மறுத்துவிடும். நகலெடுக்கும் முன் அந்தக் கோப்பை நீக்கிவிட வேண்டும். விஎம் (மெய்நிகர் மெஷின்) குளோன் செய்பவர்களுக்கும் இதே கதை.

பிரிக்குக்குள் என்ன இருக்கிறது

மூன்று நகல் வால்யூமை மவுண்ட் செய்து ஒரு வீடியோவைப் போட்டால் மூன்று பிரிக்கிலும் அதே பெயரில் அதே அளவில் கோப்பு தெரிகிறது. கூடவே புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவுக் கோப்புறை. அதற்குள் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் அடையாள எண்ணின் பெயரில் ஒரு ஹார்ட் லிங்க், அதாவது அதே தரவுக்கு இன்னொரு பெயர். பிரிக்குக்குள் நேரடியாகக் கோப்பை அழிப்பவர்கள் இடம் ஏன் குறையவில்லை என்று குழம்புவது இதனால்தான்: ஒரு பெயர் போனது, இன்னொரு பெயர் இருக்கிறது. பிரிக்குக்குள் கை வைக்கவே கூடாது என்பது தனி விஷயம்.

நகல் இல்லாமல் பிரித்து வைக்கும் வால்யூமையும் ஒன்று கட்டிப் பார்த்தோம். அங்கே ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் நடப்பது சுவாரசியமானது. புதிய பெயரின் ஹாஷ் வேறு பிரிக்கைக் காட்டலாம். அதற்காக 40 ஜிபி வீடியோவை இடம் மாற்ற முடியுமா? மாற்றுவதில்லை. புதிய பிரிக்கில் அந்தப் பெயரில் அளவு சுழியமாக ஒரு கோப்பை வைக்கிறது; அனுமதி இடத்தில் ஒன்பது கோடும் கடைசியில் ஸ்டிக்கி பிட்டைக் குறிக்கும் 'T' எழுத்தும் மட்டும் தெரியும். உண்மையான தரவு எந்த பிரிக்கில் இருக்கிறது என்பது அதன் அட்ரிபியூட்டில் எழுதியிருக்கும். இது குப்பைக் கோப்பு என்று நினைத்து யாரும் துடைத்துவிடக் கூடாது.

கொல்வது, நிறுத்துவது, தாமதப்படுத்துவது

மவுண்ட் செய்த இடத்தில் விநாடிக்கு ஒரு வரி நேரத்தை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் 'எஃப்சிங்க்' (இதை இப்போதே டிஸ்கில் பதி என்ற கட்டளை) செய்யும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற எல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் இரண்டாம் நோடின் பிரிக் பிராசஸுக்கு 'கில் மைனஸ் 9'. எழுதுவதில் தடங்கலே தெரியவில்லை. பிராசஸ் செத்தவுடன் கெர்னல் அதன் டிசிபி இணைப்புகளை மூடிவிடுகிறது. கிளையன்ட்டுக்கு உடனே செய்தி போய்விடுகிறது. உயிரோடு இருக்கும் இரண்டு பிரிக்கிலும் அந்தக் கோப்பின் அட்ரிபியூட்டை 'கெட்எஃப்அட்டர்' கொண்டு பார்த்தால், இரண்டாமவனுக்கு இவ்வளவு நிலுவை என்று ஒரு குறிப்பு இருக்கும். எட்டெட்டு இலக்கமாக மூன்று எண்: தரவு, மெட்டாடேட்டா, கோப்புறைப் பதிவுகள். முதல் எண் சுழியத்திலிருந்து மாறியிருந்தது. வால்யூமை 'ஸ்டார்ட் ஃபோர்ஸ்' செய்ததும் செத்த பிரிக் எழுந்தது, செல்ஃப் ஹீல் டீமன் விட்டுப்போன பகுதியை நிரப்பியது, எண் மீண்டும் சுழியம். இணைப்பு திரும்பியவுடன் ஹீல் தானாகத் தொடங்கும்; அது போக 10 நிமிடத்துக்கு ஒரு முறை டீமன் பட்டியலைப் பார்க்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நோடை விழவைக்க சிலர் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' கொடுத்து குளஸ்டர்டியை நிறுத்துவார்கள். அது மேலாண்மை டீமனை மட்டுமே நிறுத்தும். பிரிக் பிராசஸ்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நோடு விழுந்தும் எதுவும் ஆகவில்லை என்று குறித்துக்கொண்டு போனால் அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை.

அடுத்து அதே பிராசஸைக் கொல்லாமல் 'ஸ்டாப்' சிக்னல் மட்டும் அனுப்பினோம். பிராசஸ் உறைந்து நிற்கும், இணைப்பு திறந்தே இருக்கும், கெர்னல் டிசிபி அளவில் பதில்கூடச் சொல்லும். ஆனால் குளஸ்டரின் கேள்விக்கு மட்டும் பதில் வராது. ஸ்கிரிப்ட் அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு டெர்மினலில் அந்தக் கோப்புறையில் 'எல்எஸ்' அடித்தால் அதுவும் நிற்கிறது. மற்ற இரண்டு நோடும் நலமாக இருக்கும்போதே இந்த நிலை. பிறகு கிளையன்ட் லாகில் ஒரு வரி வந்தது: அந்த சர்வர் கடந்த 42 விநாடிகளாகப் பதில் தரவில்லை, இணைப்பைத் துண்டிக்கிறேன் என்று. உடனே எழுத்து தொடர்ந்தது. ஸ்கிரிப்ட் எழுதிய கோப்பில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் ஏறக்குறைய முக்கால் நிமிடப் பள்ளம்.

இந்த 42 விநாடி குளஸ்டரின் இயல்பு மதிப்பு. பிங் டைம்அவுட் என்பது அமைப்பின் பெயர். மின்சாரம் போன மெஷின், பிடுங்கிய கேபிள், தொங்கிப்போன சுவிட்ச், எல்லாமே இந்த வகைதான். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாது. எடிட்டிங் சாஃப்ட்வேர் 42 விநாடி உறைந்தால் எடிட்டர் என்ன செய்வார்? ஃபோர்ஸ் க்ளோஸ். சேமிக்காத டைம்லைன் அதோடு போகும். கோளாறைவிட அதற்குக் கொடுக்கும் எதிர்வினைதான் இழப்பை உண்டாக்கும் என்பதால் இந்த ஒரு எண்ணைப் பற்றித்தான் உரிமையாளரிடம் அதிக நேரம் பேசினேன்.

அப்படியானால் 5 விநாடியாகக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். துண்டிக்கும்போது கிளையன்ட்டின் பெயரில் சர்வர் வைத்திருந்த பூட்டுகள், திறந்த கோப்புகள் எல்லாம் கலைக்கப்படும். திரும்ப இணையும்போது அத்தனையையும் மறுபடி வாங்க வேண்டும். செலவு பிடித்த வேலை என்று குளஸ்டரின் ஆவணமே எச்சரிக்கிறது. பழைய டிஸ்க், எழுத்துச் சுமை, சில விநாடித் தடுமாற்றம் என்று இருக்கும் இடத்தில் எண்ணைக் குறைத்தால் நல்ல நோடையே அடிக்கடி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். 42-ஐத் தொடவில்லை. பதிலாக, திட்டமிட்டு நோடை அணைக்கும்போது குளஸ்டர் பிராசஸ்கள் அனைத்தையும் முதலில் நிறுத்தும் ஸ்கிரிப்டை ஓட்டுவது என்று வைத்துக்கொண்டோம்; அது பொதியோடே வருகிறது. ரீபூட்டில் நெட்வொர்க் முதலில் போய், பிரிக் பிறகு சாகும் வரிசை அமைந்தால் அதே 42 விநாடி உறைவு வரும். ஸ்கிரிப்ட் அதைத் தவிர்க்கும்.

மூன்றாவது, தாமதம். லினக்ஸின் 'நெட்எம்' மூலம் மூன்றாம் நோடின் இணைப்பில் மட்டும் 10 மில்லி விநாடி சேர்த்தோம். உள்ளூர் லேனில் 1 மில்லி விநாடிக்கும் குறைவாகத்தான் இருக்கும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இந்த மிகை. லூப்பேக் இடைமுகத்திலேயே இதைப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: போகும் பாக்கெட்டும் திரும்பும் பாக்கெட்டும் அதே வழியாகப் போவதால் 10 என்று கொடுத்தால் 20 ஆகிவிடும்.

குளஸ்டரில் நகல் எடுப்பது சர்வர் இல்லை, கிளையன்ட். மூன்று பிரிக்குக்கும் அதுவே அனுப்புகிறது, உயிரோடிருக்கும் எல்லோரும் பதில் சொன்ன பிறகுதான் எழுத்து முடிகிறது. தேரின் வேகம் மெதுவான சக்கரத்தின் வேகம்தான். ஒரு நோடு செத்தால் மற்றவை முழு வேகத்தில் ஓடும். அதே நோடு நொண்டினால் எல்லாம் நொண்டும். பெரிய வீடியோ கோப்பை எழுதும்போது இது அவ்வளவாக உறைக்காது, கோரிக்கைகள் அடுக்கடுக்காகப் போய்க்கொண்டே இருக்கும். சிறு கோப்புகளில்தான் வலி. பெயர் இருக்கிறதா பார், பூட்டு, நிலுவை குறி, உருவாக்கு, எழுது, நிலுவையை அழி, பூட்டைத் திற. ஒரு கோப்புக்கு எட்டு முறை போய்வருவதாக வைத்துக்கொண்டாலும் 10 மில்லி விநாடி தாமதத்தில் 80 ஆகிறது. எடிட்டிங் சாஃப்ட்வேர் உருவாக்கும் 5,000 சிறு முன்னோட்டக் கோப்புகளுக்கு 400 விநாடி. தாமதம் சேர்க்காத மடிக்கணினியில் இந்தப் பிரச்சினையே கண்ணில் படாது. முன்னோட்டக் கோப்புகளை அவரவர் மெஷினின் எஸ்எஸ்டியிலேயே வைப்பது, ஃபுட்டேஜும் இறுதி வீடியோவும் மட்டும் குளஸ்டரில் என்று அன்றே முடிவானது.

இரண்டு போதாதா

உரிமையாளர் ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி: "ரெண்டு காப்பி இருந்தா போதாதா தம்பி? மூணாவது மெஷின ரெண்டரிங்குக்கு வெச்சுக்கலாமே."

"ஒரு தடவ பாத்துட்டு சொல்லுங்கண்ணே."

இரண்டு நகல் வால்யூம் ஒன்று கட்டினேன். ஸ்பிளிட் பிரெய்ன் (நகல்கள் ஒன்றோடொன்று முரண்படுவது) வரலாம் என்று உருவாக்கும்போதே எச்சரிக்கும், தொடர்ந்தேன். ஒரு உரைக் கோப்பு. முதல் பிரிக்கைக் கொன்றுவிட்டு 'ரிசப்ஷன் கட் சரி' என்று எழுதினேன். இரண்டாவதில் மட்டும் விழுந்தது. பிறகு இரண்டாவதைக் கொன்று, முதலாவதை எழுப்பி, 'ரிசப்ஷன் கட் மாற்றவும்' என்று எழுதினேன். இரண்டையும் எழுப்பி, புதிதாக மவுண்ட் செய்து கோப்பைத் திறந்தால் இன்புட் அவுட்புட் பிழை. இரண்டு பிரிக்கும் ஒன்றையொன்று குற்றம் சாட்டி எழுதி வைத்திருக்கின்றன.

"அப்ப எந்தக் காப்பி சரி?"

"அத நீங்கதாண்ணே சொல்லணும். அதுக்குத் தெரியாது."

கடைசியாக மாறியதை எடு, பெரியதை எடு, இந்த பிரிக்கை எடு என்று தீர்க்கக் கட்டளைகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தாலும் ஒருவருடைய வேலை போகும்.

மூன்றாவது மெஷினில் ஆர்பிட்டர் வைத்து அதே வரிசையைத் திரும்பச் செய்தோம். ஆர்பிட்டர் பிரிக்கில் கோப்பின் பெயரும் விவரங்களும் நிலுவைக் கணக்கும் மட்டும் இருக்கும், தரவு இருக்காது. எனவே சிறிய டிஸ்க் போதும். முதல் பிரிக் செத்திருந்தபோது எழுதியதை ஆர்பிட்டர் குறித்துக்கொண்டது. இரண்டாவதைக் கொன்று முதலாவதை எழுப்பியபோது மூன்றில் இரண்டு பேர் இருந்தும், இவனிடம் இருப்பது பழையது என்று ஆர்பிட்டருக்குத் தெரியும். எழுத விடவில்லை. வேலை நிற்கிறது, ஆனால் தப்பான நகல் உருவாகவில்லை. ரெண்டரிங் மெஷினையே ஆர்பிட்டராகவும் வைத்துக்கொள்ளலாம் என்றதும் அவர் சம்மதித்தார்.

ஒரே மெஷினில் பார்க்க முடியாதவை

வேகம். மூன்று பிரிக்கும் ஒரே எஸ்எஸ்டியில் இருக்கும்போது ஒரு ஜிபி எழுதினால் அந்த எஸ்எஸ்டிக்கு மூன்று ஜிபி போகிறது. வாசிக்கும்போது பெரும்பகுதி நினைவகத்திலிருந்தே வரலாம். எனவே வேக எண்களைக் குறித்தும் வைக்கவில்லை.

இதைவிட முக்கியமானது மின்தடை. பிரிக் பிராசஸ் எழுதியது முதலில் கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேஷில்தான் இருக்கும். பிராசஸைக் கொன்றாலும், கன்டெய்னரையே அழித்தாலும் கெர்னல் உயிரோடிருப்பதால் அந்தத் தரவு பிறகு டிஸ்குக்குப் போய்விடும். உண்மையான மின்தடையில் அது காணாமல் போகும். கன்டெய்னரில் எத்தனை முறை கொன்று பார்த்தாலும் இது தெரியவராது. இதற்கு மட்டும் நோடுகளை விஎம்களாக மாற்றி, எழுத்து நடக்கும்போதே ஒரு விஎம்மின் பிராசஸைக் கொன்றோம். அப்போது உள்ளிருக்கும் கெர்னலோடு அதன் கேஷும் போகிறது. எஃப்சிங்க் செய்த வரிகள் இருந்தன. ஆனால் மூன்று மெஷினுக்கும் உண்மையிலேயே கரண்ட் போவதை மடிக்கணினியில் அப்படியே செய்துபார்க்க முடியாது. மூன்று மெஷினும் ஒரே யூபிஎஸ்ஸில் இருந்தால் மூன்றும் ஒரே நொடியில் விழும். ஒன்றை வேறு லைனில் போடச் சொன்னோம்.

சோதனையைக் கலைக்கும்போது வரிசை இருக்கிறது: கிளையன்ட் மவுண்டை எடுப்பது, வால்யூமை நிறுத்துவது, நீக்குவது. வால்யூமை நீக்கினாலும் பிரிக் கோப்புறையில் அதன் அடையாள அட்ரிபியூட் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதே கோப்புறையில் மறுபடி வால்யூம் கட்டினால் இது ஏற்கெனவே ஒரு வால்யூமின் பகுதி என்று மறுக்கும். லூப் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்வது மடிக்கணினியில் ஒரு நிமிட வேலை. ஸ்டுடியோவின் டிஸ்கில் அப்படி முடியாது என்பதால், ஒட்டியிருக்கும் அட்ரிபியூட்டுகளையும் மறைவுக் கோப்புறையையும் நீக்கும் கட்டளைகளைக் குறிப்பேட்டில் எழுதி சர்வர் அறையில் வைத்தாயிற்று.